யார் போர்த்தச் சொன்னது?

எங்கள் ஊரில் குளிர் இன்னும் ஏறட்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரே பைத்தியம் நான்தான். ஜனவரியில் வானொலிக்காரன் "பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தைந்து" என்று வாயைத் திறந்தாலே பீஸ்க் நகரம் தலையில் கை வைத்துக்கொள்ளும். குழாய் உறையும், வண்டி கிளம்பாது, பள்ளிக்கூடத்தை மூடுவார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் நின்று, "இறங்கு, இன்னும் இறங்கு" என்று வெப்பமானியைக் கொஞ்சிக்கொண்டிருப்பேன். "உன்னைக் கட்டினதுக்கு ஒரு கரடியைக் கட்டியிருக்கலாம்டி ராயா, அதுவாவது குளிர்காலம் முழுக்கத் தூங்கும்" என்பார் என் கணவர், இருந்தவரைக்கும்.

என் பெயர் ராயிசா தீமோஃபேவ்னா. பழமரங்களைக் குளிரில் நிறுத்தி, எது பிழைக்கிறது, எது சாகிறது என்று பார்ப்பது என் உத்தியோகம். தோட்டக்கலை விஞ்ஞானி என்று மேடையில் மரியாதையாகச் சொல்வார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் ஆராய்ச்சி நிலையத்து வயல்பெண்கள் "மரக்கொலைகாரி" என்பார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. ஆயிரம் கன்றைச் சாகக் கொடுத்தால்தான் ஒன்று தேறும். அந்த ஒன்றும் பல வருஷம் தேறாது.

எங்கள் பக்கத்தில் ஆப்பிள் மரம் இரண்டு வகை. நிற்பது ஒன்று, படுப்பது ஒன்று. நிற்கிற மரத்தில் காய்ப்பது ரனேத்கா. கோலிக்குண்டு அளவு இருக்கும், கடித்தால் நாக்கு சுருண்டுகொள்ளும், ஜாம் காய்ச்சத்தான் ஆகும். கைக்கு அடங்காத பழம் வேண்டுமென்றால் மரத்தைச் சின்னதிலேயே வளைத்துத் தரையோடு தரையாகப் படரப் பழக்க வேண்டும். பனி விழுந்ததும் அதன்மேல் இன்னும் பனியை அள்ளிப் போட்டு மூடிவிட்டால், வெளியே நாற்பது டிகிரி குளிர் அடித்தாலும் உள்ளே மரம் சுகமாக உறங்கும். எங்கள் பெண்கள் இதைத் தாய்ப்பாலோடு குடித்தவர்கள். பெருங்குளிர் வருகிறது என்று கேள்விப்பட்டால் அவர்கள் கை தானாக மண்வெட்டியைத் தேடும்.

கேட்க அழகாகத்தான் இருக்கும். செய்து பாருங்கள், தெரியும். களை எடுக்க முட்டி போடு. பழம் பறிக்க முட்டி போடு. இலையுதிர்காலத்தில் கிளையை அமுக்கிக் கொக்கி போடு, வசந்தத்தில் தூக்கிவிடு. இயந்திரம் உள்ளே நுழையாது. பனிக்கு அடியில் எலி புகுந்து பட்டையைக் கொறித்துவிட்டுப் போகும். ஐம்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண்களை எங்கள் ஊர்ச் சந்தையில் எண்ணி மாளாது. ஒரு ஆப்பிள் தின்ன மனுஷி வாழ்நாளெல்லாம் முட்டி போட வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? அந்த ஆத்திரத்தில்தான் இந்த வேலைக்கே வந்தேன். கைநிறையப் பழம், பெருங்குளிரில் நிமிர்ந்து நிற்கிற மரம். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் தலை நரைத்த பிறகு அப்படி ஒன்று வந்தது. சிவப்புக் கோடு போட்ட பழம், நல்ல சாறு, கொஞ்சம் புளிப்பு. வயல்பெண்கள் அதற்கு "நிமிர்ந்தவள்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகளைச் சோதனை வயலில் ஒரு வரிசை நட்டேன். போர்வை இல்லாமல், கொக்கி இல்லாமல், திறந்த வெளியில். முழு உயரத்துக்கும் ஒரு உண்மையான குளிர்காலத்தைத் தாங்கினால்தான் அதை ஊருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. விதியே இல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் விதி.

முதல் இரண்டு குளிர்காலமும் சவசவ என்று போயின. மூன்றாவது, நான் காத்திருந்தது, வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள், நான் பர்னாவூல் ஆஸ்பத்திரியில் பித்தப்பையை அறுத்துப் போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனிப்பூ. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்து நான்கு என்று யாரோ சொன்னதும் பக்கத்துக் கட்டில்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் சிரித்தேன். "ஏம்மா, வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்கு, சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்!" என்று நர்ஸ் கத்தினாள்.

கிளாவாவுக்குப் போன் போட்டேன். முழுப் பேர் கிளாவ்தியா, வயல்பெண்களுக்குத் தலைவி. முப்பது வருஷமாக ஒரே கெட்டிலில் தேநீர் குடித்தவர்கள் நாங்கள். என் கணவர் போன அன்றைக்கு என் வீட்டுச் சமையலறையில் அடுப்பை மூட்டியவள் அவள்தான்.

"மரம் எப்படிடி இருக்கு?"

"எல்லாம் நான் பாத்துக்கிட்டேன். நீ உடம்பைப் பாரு" என்றாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பிப்ரவரியில் விட்டார்கள். பேருந்தை விட்டு இறங்கி வீட்டுக்குக் கூடப் போகவில்லை, பையோடு நேராக வயலுக்குப் போனேன். என் வரிசையைக் காணோம். இருந்த இடத்தில் வெள்ளை மேடுகள், ஒன்றன் பின் ஒன்றாக, அழகாகத் தட்டி வழுவழுப்பாக்கி வைத்திருந்தது. உச்சிக்கிளைகளை வளைத்துக் கயிறு கட்டி, ஒரு சுள்ளி வெளியே தெரியாமல் பனியை மலையாகக் குவித்திருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் ஓடியது, கொட்டகைக்கு.

கிளாவாவும் ரிம்மா என்கிற இளையவளும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். கிளாவாவின் இடது கன்னம் கறுத்துக் கொப்பளித்து, வாத்துக்கொழுப்புப் பூசிப் பளபளத்தது.

"யார் போர்த்தச் சொன்னது?"

"வந்துட்டியா! ஏண்டி, தையல் போட்ட வயித்தோட இவ்வளவு தூரம்..."

"யாருடி போர்த்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. யாராவது சொல்லணுமா?" கிளாவா எழுந்துவிட்டாள். "நாப்பத்திநாலு, ராயா! வேலியோரத்துப் பாப்ளர் மரம் துப்பாக்கி சுட்ட மாதிரி படார் படார்னு வெடிக்குது. நீ அங்க குத்துயிரும் குலையுயிருமா கிடக்கிறே. உன் ஆயுசெல்லாம் அந்த வரிசையில நிக்குது. அது சாகிறதை நான் கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கணுமா?"

"பாக்கணும்! அதுக்குத்தாண்டி நட்டது!"

"பெத்தவ பேசுற பேச்சா இது?"

"நான் பெக்கலை. பரிட்சை வெச்சேன். பிள்ளைக்குப் பதிலா நீ உள்ள போய் உக்காந்து எழுதிட்டு வந்திருக்கே!"

ரிம்மா குறுக்கே வந்தாள். "தீமோஃபேவ்னா, அந்தக் குளிர்ல நாங்க சறுக்குவண்டியில பனி இழுத்து இழுத்துக் கொட்டினோம். எனக்கு விரல் மரத்துப்போச்சு, இவங்க கன்னத்தைப் பாருங்க. ஒரு நன்றி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நன்றியா?" அதற்குப் பிறகு நான் பேசியதை அச்சில் போட முடியாது. என் கணவர் லாரி ஓட்டினவர். அவரிடம் கற்றதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. கிளாவா வாத்துக்கொழுப்புக் கிண்ணத்தை மூடி அலமாரியில் வைத்தாள்.

என்னை எரித்தது எதுவென்றால், இதில் கெட்டவர் ஒருவரும் இல்லை. கெட்டவர் இருந்தால் போய்ச் சட்டையைப் பிடிக்கலாம். பனியைத் தோண்டி எடுத்து மிச்சக் குளிரிலாவது நிறுத்தலாமென்றால் அதுவும் முடியாது. குளிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை இறுக்கிக்கொண்ட மரம்தான் அதைத் தாங்கும். போர்வைக்குள் இருந்ததைத் திடீரென்று வெளியே இழுத்தால் எந்த மரமும் சாகும், அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. இருபது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற குளிர், வந்தது, போய்விட்டது. என் மரம் அப்போது தூங்கிக்கொண்டிருந்தது.

மே மாதம் பனி கரைந்து வரிசை முழுக்கப் பூத்தது. ஒரு கிளை கருகவில்லை. இயக்குநர் அர்சேனி பாவ்லொவிச் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய நகரத்திலிருந்து வந்த கனவான். பச்சைக் கழுத்துப்பட்டி, பொய்யில்லாத சிரிப்பு. கெட்டவர் இல்லை என்றேனே, இவரைச் சேர்க்காமல் சொன்னேன்.

"உக்காருங்க, ராயிசா தீமோஃபேவ்னா. வெப்பமானி நாப்பத்திநாலு காட்டுச்சு. உண்மைதானே?"

"உண்மை."

"மரம் உயிரோட இருக்கு. உண்மைதானே?"

"உண்மை."

"அவ்வளவுதான் அறிக்கை. நீங்க கையெழுத்துப் போடுங்க. ரகத்தை அங்கீகரிக்க இலையுதிர்காலத்துல தேர்வுக்குழு வரும். நான் ஒரு பொய் எழுதச் சொன்னேனா?"

"ரெண்டு உண்மையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அது பொய், அர்சேனி பாவ்லொவிச். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க முழுத் தோட்டத்தையே பனியில மறைக்கிறீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஜன்னலைக் காட்டினார். "இங்கேர்ந்து எல்லாம் தெரிஞ்சுது. எவ்வளவு அன்பா வேலை செஞ்சாங்க! எனக்கே கண் கலங்கிடுச்சு."

பார்த்திருக்கிறார். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம், ஒரு போன் போட்டிருக்கலாம். கதகதப்பான அறையில் நின்று கண் கலங்கியிருக்கிறார்.

"வடக்குப் பக்கத்துக் குடும்பங்க கன்னுக்குக் காத்திருக்கு" என்றார். "நிக்கிற மரம்னு கேட்டதும் படுக்கிற மரத்தையெல்லாம் தோண்டிப் போட்டு இடம் பண்ணி வெச்சிருக்காங்களாம்."

"அதனாலதான் சொல்றேன்! அவங்க பக்கம் இதைவிடக் குளிரும். பழைய மரத்தையும் தோண்டிட்டு, என் மரத்தையும் பறிகொடுத்துட்டு நிப்பாங்க. யாரைக் கேப்பாங்க?"

"அந்த மாதிரி குளிர் வர எத்தனையோ வருஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க பென்ஷன்ல இருப்பீங்க. நான் மாஸ்கோவுல இருப்பேன்."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் கதவை அறைந்த அறையில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. அடுத்த வாரம் முழுக்க அதைச் சரிசெய்ய ஆள் வரவில்லை என்று கேள்விப்பட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கிளாவா வீட்டுக்கு வந்தாள். கோழிக்கஞ்சி எடுத்து வந்திருந்தாள், என் வயிற்றுக்காக. "கையெழுத்தைப் போட்டுடு ராயா" என்றாள். "உனக்கு வயசாகுது. இன்னொரு தடவை இப்படிக் குளிர் எப்ப வரும்? நீ இல்லாதப்ப உன் மரத்துக்கு எவன் எவனோ பேரு வெச்சுக்குவான். என்னையும் ரிம்மாவையும் இயக்குநரையும் தவிர யாருக்குத் தெரியும்? நாங்க செத்தாலும் சொல்ல மாட்டோம்."

"நீ சொல்ல மாட்டே. குளிர் சொல்லும்."

"எப்பப் பாத்தாலும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு! உனக்கு நல்லது நடக்கட்டும்னு நினைக்கிறது தப்பா?"

கஞ்சி நன்றாக இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. அர்சேனி பாவ்லொவிச் தன் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டார்.

செப்டம்பரில் பழம் பழுத்த சமயத்தில் தேர்வுக்குழு வந்தது. தலைவர் நோவசிபிர்ஸ்க்காரர், வழுக்கைத் தலை, சேறு அப்பிய பூட்ஸ். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். சாறு தாடையில் வழிந்தது. துடைக்காமல் இன்னொரு கடி கடித்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். என் ஆயுள் அந்த மனிதர் வாயில் இனித்துக்கொண்டிருந்தது.

"குளிர்காலத்துல மூடினீங்களா, திறந்தே விட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாக் குழுவும் எல்லா இடத்திலும் கேட்கிற கேள்விதான் அது.

அர்சேனி பாவ்லொவிச் முந்திக்கொண்டார். "கிளாவ்தியா சொல்லட்டும். வயல் அவங்க பொறுப்பு."

பொய் என் வாயால் வராது என்று அவருக்குத் தெரியும். அவள் வாயால் வரும் என்றும் தெரியும். கிளாவா முன்னால் வந்தாள். நல்ல தலைக்குட்டை கட்டியிருந்தாள், பெரிய நாளுக்குக் கட்டுவது. என்னைப் பார்க்கவில்லை.

"திறந்துதான் இருந்துச்சு" என்றாள். "ஒரு மண்வெட்டிப் பனி கூட நான் போடலை. அப்படியே நின்னுச்சு."

"பொய்!" என்றேன். "பொய் சொல்றா. அவ கன்னத்துல இருக்கே தழும்பு, அது எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. நாப்பத்திநாலுல நின்னு என் மரத்தையெல்லாம் பனி போட்டு மூடினா. அப்ப குளிர்ல வெந்த கன்னம் அது."

கிளாவா கையை எடுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டாள். எனக்காகக் கருக்கிக்கொண்ட கன்னத்தை நான் ஊர் முன்னால் சாட்சிக்கு இழுத்துவிட்டேன். அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. தலைவர் கடித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். "அப்போ இந்தக் குளிர்காலமும் நிக்கட்டும். திறந்து விடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்த மாதமே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பூங்கொத்து, கடிகாரம், அர்சேனி பாவ்லொவிச்சின் சொற்பொழிவு. கிளாவா வரவில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். முட்டைகோஸ் விற்கிறவள் கூட "என்ன தீமோஃபேவ்னா, ரெட்டைக் குதிரை மாதிரி திரிவீங்களே, என்னாச்சு?" என்று கேட்டாள். "உன் கோஸைப் பாரு" என்று அவளையும் கடித்துவிட்டு வந்தேன்.

நான்காவது குளிர்காலமும் சும்மா விடவில்லை. நாற்பத்தொன்று. என் உத்தியோகக் காலத்தில் இப்படி அடுத்தடுத்து வந்ததே கிடையாது, சனியன். வீட்டில் படுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, போதும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ரிம்மா போன் போட்டாள். "கிளாவா மண்வெட்டியையெல்லாம் கொட்டகையில போட்டுப் பூட்டிட்டாங்க. சாவியை யாருக்கும் தர மாட்டேங்கிறாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் போனேன். எனக்கு உள்ளே போக உரிமை கிடையாது. காவலாளி என்னைப் பார்த்ததும் அவசரமாக ஷூ கயிறு கட்டக் குனிந்துகொண்டான். கிளாவா வரிசையின் அந்தக் கோடியில் இருந்தாள். நான் இந்தக் கோடியில் ஆரம்பித்தேன். கத்தியால் கிளை நுனியைச் சீவினால் உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு. ஒரு சாண் கீழே சீவினேன். பழுப்பு. அடுத்த மரம், பழுப்பு. தண்டில் பட்டை விரிசல் விட்டு, விரலால் இழுத்தால் உரிந்து வந்தது. பனி மூடியிருந்த முழங்கால் உயரம் வரைக்கும்தான் உயிர் இருந்தது. அதற்கு மேலே நின்றதெல்லாம் விறகு.

நடு வரிசையில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிட்டோம்.

"பச்சையா இருக்கா?" அந்தச் செப்டம்பருக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்லை."

"என் பக்கமும் இல்லை." கத்தியை மடக்கினாள். "அப்போ நீ சொன்னதுதான் சரி. அந்த வடக்குப் பக்கத்துக் குடும்பங்க பிழைச்சுது. சந்தோஷமா?"

"சந்தோஷமா? வயிறு எரியுதுடி! என் மரம் செத்துக் கிடக்கு, நான் சரின்னு நீ சொல்றே. அந்தச் சரியை வெச்சு நான் என்ன செய்யிறது?"

"கன்னத்தைக் காட்டினியே ராயா. எல்லார் முன்னாலயும்."

"காட்டினேன். வேற வழி இல்லை. இன்னைக்குக் கேட்டாலும் காட்டுவேன்." என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "உனக்காகப் பொய் சொல்லியிருந்தா ஒரு வாரத்துல மன்னிச்சிருப்பேன். எனக்காகச் சொன்னே. அதைக் கொண்டுபோய் நான் எங்கடி வைக்கிறது?"

அவள் அழுதாள். நான் அழவில்லை, மூக்கைச் சிந்தினேன். தூரத்தில் உழவு இயந்திரம் இரைந்தது. வரிசையைப் பிடுங்கிவிட்டுக் கறுப்பு கரன்ட் பழப் புதர் நடப்போகிறார்கள் என்று ரிம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

கிளாவா குனிந்து ஒரு மரத்தின் அடியைப் பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே ஒரு சின்னக் கிளை, மொட்டு வெடிக்கிற நிலையில் இருந்தது. "இதை ஒட்டுக்கட்டி என் தோட்டத்துல படுக்க வெச்சுக்கவா? பழம் நல்ல பழம், ராயா. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

படுக்க வைப்பதாம். என் மரத்தை. அவள் முட்டியைப் பார்த்தேன். வீங்கி, கம்பளிப் பட்டை சுற்றியிருந்தது. பளார் என்று ஒன்று விடலாம் போல இருந்தது. கத்தியை எடுத்து அந்தக் கிளையைச் சாய்வாக வெட்டி அவள் கையில் கொடுத்தேன்.

"எடுத்துக்கோ. கேக்கிறவங்களுக்கும் குடு. ஆனா இது நிமிர்ந்து நிக்கும்னு எவகிட்டயாவது சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் கிளாவா, தலைக்குட்டையை அவிழ்த்து அந்தக் கிளையை அதில் சுற்றிக்கொண்டே.